டீச்சர் வாசித்த ‘புத்தம் வீடு’

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலைப் பற்றி என் 20 வயதில் ஒரு கட்டுரை எழுதினேன். பொறியியல் கல்லூரி ஆண்டு மலருக்காக எழுதியது. ஆறு பக்கம். நாவலின் நாயகி லிஸியை ‘முதுகெலும்பு இல்லாதவள்’ என்று அதில் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடம் போகாதே என்கிறார்கள், நின்றுவிடுகிறாள். வீட்டுக்குள் இரு என்கிறார்கள், இருந்துவிடுகிறாள். வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள், கடைசியில் கல்யாணம் நடக்கிறது. இதில் கொண்டாட என்ன இருக்கிறது? அப்போது நான் தஸ்தயேவ்ஸ்கியை இரண்டு மாதம் முன்புதான் வாசித்து முடித்திருந்தேன். அந்த வயதில் அது ஒரு காய்ச்சல். யாரைப் பார்த்தாலும் சின்னவராகத் தெரிவார்கள்.

அந்த ஆறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, ஊருக்குப் போனபோது டீச்சரிடம் கொடுத்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறுவாரம் திருப்பித் தந்தார். எங்கும் திருத்தம் இல்லை. முதுகெலும்பு வாக்கியத்துக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வரி: “இத நீ எங்கேருந்து பாத்த?”

அது கட்டுரைக்கான பிரத்தியேகக் கேள்வி ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவரிடம் கேட்ட கேள்விதான். அதனால் அன்று சிரித்துவிட்டு ஜெராக்ஸை மடித்து வைத்துக்கொண்டேன். டீச்சர் போன ஆண்டு காலமானார். அதன்பிறகுதான் நாவலை மறுபடி எடுத்தேன். இந்தக் கட்டுரை பாதி நாவலைப் பற்றியது, பாதி அந்தப் பென்சில் வரியைப் பற்றியது. இரண்டையும் என்னால் பிரித்து எழுத முடியவில்லை.

*

குலசேகரம் ரப்பர் ஊர். எந்தப் பக்கம் நடந்தாலும் வரிசையாக மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் வாளிகளில் பால் வந்து சேரும். ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் போட்டு ஷீட் அடித்து, துணி காயப்போடுவதுபோல முற்றத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை.

டீச்சரின் வீட்டிலும் ஷீட் தொங்கும். வீட்டின் பக்கவாட்டில் ஓடு இறக்கிய ஒரு சாய்ப்பு. அதில் இரண்டு பெஞ்சு, ஒரு பழைய தையல் மெஷின், சுவரோரம் மரச்சீனிக் கிழங்கு குவித்திருக்கும். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே வகுப்பு. கட்டணம் கிடையாது. ‘கட்டுரைப் போட்டிக்குப் பயிற்சி’ என்றுதான் ஊரில் பெயர். மாவட்ட அளவில் பரிசு வாங்கினால் பள்ளியில் மரியாதை, அதனால் பெற்றோர் அனுப்பினார்கள். நாங்கள் பதினோரு பேர். ஏழு பேர் பெண்கள். இந்தக் கணக்கை அப்போது நான் போட்டுப் பார்த்ததே இல்லை. நூலகத்துக்குத் தனியாக அனுப்பாத வீடுகள், ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் வீட்டுக்கு அனுப்பின. வகுப்பை அவர் வீட்டில் வைத்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு அறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

பயிற்சி எளிமையானது. வீட்டைச் சுற்றி ஆளுக்கு ஓர் இடம். ஒருவருக்குக் கிணற்றடி, ஒருவருக்குப் படிக்கட்டு, ஒருவருக்கு அடுக்களை வாசல். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, அங்கிருந்து தெரிவதையும் கேட்பதையும் மட்டும் எழுத வேண்டும். எழுந்து போய்ப் பார்க்கக் கூடாது. “மதிலுக்கு அந்தப் பக்கம் ஆடு நிக்குதுண்ணு எழுதியிருக்க. ஆட்ட பாத்தியா, சத்தம் கேட்டியா?” என்பார். சத்தம்தான் டீச்சர் என்றால், “அப்போ சத்தத்த எழுது மக்களே, ஆடு தானா வந்துக்கிடும்.”

ஒருமுறை பால் வெட்டும் தொழிலாளியின் துயரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அதிகாலை இருள், பனி, அவர் கண்களில் ஏக்கம் எல்லாம் இருந்தது. டீச்சர் கேட்டார், “வெளுப்பாங்காலம் மூணு மணிக்கு நீ எங்கல இருந்த?” உறங்கிக்கொண்டிருந்தேன். “அப்போ நீ பாத்தது என்னது?” யோசித்தேன். எட்டு மணிக்கு அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் வாளியை இறக்கி வைக்கும்போது நெற்றியில் விளக்குப் பட்டை அழுந்திய தடம் இருக்கும். சாயா குடிக்கும்போது அதைத் தடவிக்கொண்டே இருப்பார். அதைச் சொன்னேன். “அத எழுது. மத்தத அடி” என்றார். இரண்டு பக்கம் ஐந்து வரியாயிற்று. அந்த ஐந்து வரியைத்தான் என் எழுத்து என்று இன்றும் சொல்லிக்கொள்ள முடியும்.

இதை எழுதும்போது டால்ஸ்டாய் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தன் பண்ணையான யாஸ்னயா பொல்யானாவில் 1859 முதல் சில ஆண்டுகள் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தை யார் யாரிடம் கற்பது, குடியானவப் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1862இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதச் சொல்கிறார். பிள்ளைகள் தயங்குகிறார்கள், அவரே எழுத ஆரம்பிக்கிறார், பிள்ளைகள் அவரைத் திருத்த ஆரம்பிக்கிறார்கள். ஃபெத்கா என்ற சிறுவன், கதையில் வரும் ஒரு குடியானவன் ஒரு பெண்ணின் மேலங்கியைப் போட்டிருக்கிறான் என்று எழுதச் சொல்கிறான். ஏன் பெண்ணின் அங்கி? கையில் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடி வந்தான், அவ்வளவுதான். அந்த ஒரு அங்கியில் அந்த ஆளும் அவன் வீடும் அவசரமும் எல்லாம் வந்துவிட்டது என்று டால்ஸ்டாய் வியக்கிறார். ‘போரும் அமைதியும்’ எழுதப்போகிற ஆள்!

டீச்சர் டால்ஸ்டாயின் இந்தக் கட்டுரையை வாசித்திருக்க வாய்ப்பில்லை. எல்லாரும் டால்ஸ்டாயிடமிருந்துதான் கற்க வேண்டும் என்றும் இல்லை.

*

எங்கள் மாவட்டத்துக்கு வீடுகளில் இலக்கியம் கற்கும் மரபு உண்டு. அதில் புகழ்பெற்றது நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீடு. ‘காகங்கள்’ என்ற பெயரில் அங்கே கூடி, எழுதியதை வாசித்து விவாதித்திருக்கிறார்கள். பள்ளியில் மலையாளத்தில் பயின்று, பிறகு சொந்த முயற்சியில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்ட ஒருவர், பிறர் எழுதக் கற்கும் இடமாகத் தன் வீட்டைத் திறந்து வைத்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். இன்னொன்று பேராசிரியர் ஜேசுதாசன். திருவனந்தபுரத்தில் தமிழ் கற்பித்தவர். விமர்சகர் வேதசகாயகுமார் அவருடைய மாணவர். ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் வரும் ‘மத்துறு தயிர்’ அந்தப் பேராசிரியரை மனதில் வைத்து எழுதப்பட்ட கதை. அதை வாசித்தவர்களுக்கு, ஆசிரியர் என்ற சொல்லே வேறு எடையில் கேட்கும்.

ஆனால் இந்த வீடுகளைப் பற்றி நான் வாசித்த நினைவுக் குறிப்புகளில் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பஸ் ஏறி வருகிறார்கள், நள்ளிரவு வரை பேசுகிறார்கள், திரும்ப நடக்கிறார்கள். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் 30 கிலோமீட்டருக்கு மேல். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் இலக்கியம் பேச அவ்வளவு தூரம் போய் ராத்திரி திரும்புவதை எங்கள் ஊரில் யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். அந்த மரபின் மேல் எனக்கு மதிப்பு குறைவதில்லை. அதில் ஒரு கதவு சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜேசுதாசனின் வீட்டில் இன்னொருவரும் இருந்தார். 1925இல் பர்மாவில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். கணவரும் மனைவியும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961இல் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1964இல், மனைவி தமிழில் ஒரு நாவலை வெளியிட்டார். அதுதான் ‘புத்தம் வீடு’. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல், நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல். இந்த மண்ணின் நாவல்கள் என்று நாம் அடுக்கும் வரிசையில் முதலில் நிற்கவேண்டியது ஹெப்சிபாவின் நாவல். பேச்சில் அந்த வரிசை பெரும்பாலும் புளியமரத்திலிருந்துதான் தொடங்கும். நானும் அப்படித்தான் தொடங்கிக்கொண்டிருந்தேன்.

*

டீச்சர் அந்த நாவலை வகுப்பில் வாசித்தார். பாடமாக நடத்தவில்லை, கடைசி அரைமணி நேரம் சத்தமாக வாசிப்பார், அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்க அது ஓடியது. ஓட்டில் மழை பலமாக விழுந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். டீச்சர் கருங்கல் பக்கத்துக்காரர், கல்யாணமாகி குலசேகரம் வந்தவர். அந்தப் பக்கம் பனை. எங்கள் பக்கம் பனையைக் காண்பதே அபூர்வம். பனையேறுகிறவர்களின் ஊரான பனைவிளையைப் பற்றிய நாவலை ரப்பர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க, அம்மா வீட்டிலிருந்து கறுப்பட்டி கொண்டு வந்து ஆளுக்கொரு துண்டு தந்தார். அக்கானி காய்ச்சும்போது கிளம்பும் வாசனையைச் சொல்ல முயன்று, சொல்ல வராமல், “அத நீங்க கேக்கணும் பிள்ளியளே” என்றார். வாசனையைக் கேட்பது எங்கள் ஊர்ப் பேச்சும் இல்லை, அவசரத்தில் வந்தது. நாங்கள் சிரித்தோம்.

அச்சில் நம் பேச்சைக் கேட்டபோதும் அப்படித்தான் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய சொற்களெல்லாம் புத்தகத்தில் கௌரவமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் ஒரு முரண்பாட்டைச் சொல்ல வேண்டும். இவ்வளவு ரசித்து வாசித்த டீச்சர், நாங்கள் எழுதும்போது அந்தப் பேச்சை அனுமதிக்க மாட்டார். போட்டிக் கட்டுரையில் ‘பரிசு போயிரும்’ என்பது காரணம். வகுப்பின் வெளிப்பூச்சுக்காக அவர் கொடுத்த விலை அது என்று நினைக்கிறேன். எங்களில் யாரும் ஊர்ப்பேச்சில் எழுதத் துணியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். டீச்சரைப் பற்றி எனக்கு உள்ள ஒரே புகார் இதுதான்.

இனி நாவல். புத்தம் வீடு என்பது வாழ்ந்து கெட்ட வீடு. கிறிஸ்தவக் குடும்பம். பழைய பெருமையைப் பிடித்துக்கொண்டு கண்ணப்பச்சி என்ற கிழவர் இருக்கிறார், அவர் பேத்தி லிஸி. அவள் விரும்பும் தங்கராஜ் பனையேறுகிற குடும்பத்துப் பையன். வீட்டில் சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் பனையேறிக்குப் பெண் கொடுக்காத பெருமைக்குத் தட்டுப்பாடு வருவதில்லை. பின்பகுதியில் ஒரு கொலை நடக்கிறது, பழி தங்கராஜ் மேல் விழுகிறது. கடைசியில் சிக்கல் அவிழ்ந்து இருவருக்கும் கல்யாணம்.

இப்படிச் சொன்னால் 20 வயதில் நான் எழுதியது சரிதான் என்று தோன்றும். அந்தக் கொலைப் பகுதியை இன்றும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. காதலுக்குக் குறுக்கே நிற்பது வீட்டின் பெருமை. அதை ஒரு குற்றத்தைக் கொண்டு உடைப்பது கதாசிரியரின் அவசரம்போல இருக்கிறது. அந்தப் பெருமை தானாகவே மக்கிப்போவதை இன்னும் நூறு பக்கம் பொறுமையாகக் காட்டியிருக்கலாம். அந்தப் பொறுமை இந்த எழுத்தாளரிடம் இருந்தது என்பதற்கு முன்பாதியே சாட்சி.

முன்பாதியில் என்ன நடக்கிறது? லிஸி வயதுக்கு வருகிறாள். பள்ளி நின்றுபோகிறது. இதை ஒரு பெரிய சோகக்காட்சியாக ஹெப்சிபா ஆக்கவில்லை. யாரும் கத்தவில்லை. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பது, இங்கும் நடக்கிறது. இந்தச் சாதாரணத்தன்மையைத்தான் நான் அன்று லிஸியின் முதுகெலும்பின்மை என்று வாசித்தேன். இப்போது வாசிக்கும்போது வேறொன்று தெரிகிறது. சின்ன லிஸிக்கு ஊர் கண்ணால் பார்க்கும் இடம். பெரிய லிஸிக்கு ஊர் என்பது வந்து சேரும் செய்தி. யாரோ சொல்லித்தான் எதுவும் தெரிய வேண்டும். தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. வாசகனுக்கும் அவளைச் சுற்றியுள்ள வெளி மெல்லச் சுருங்குகிறது. வீடு பெரிது, அதில் அவளுக்கான இடம் சின்னது.

டீச்சரின் பயிற்சியும் இதுதானே என்று இப்போது படுகிறது. ஓர் இடத்தில் உட்கார், எழுந்து போகாதே, அங்கிருந்து தெரிவதை மட்டும் எழுது. எங்களுக்கு அது அரைமணி நேர விளையாட்டு. மணி அடித்ததும் எழுந்து சைக்கிளை எடுப்போம். லிஸிக்கு அரைமணி முடிவதே இல்லை. அதற்குள் அவள் ஆசைப்படுகிறாள், மறைக்கிறாள், மறுக்கிறாள், தன் மனதில் ஒருவனை வருஷக்கணக்காக விடாமல் வைத்திருக்கிறாள். இதற்கு எத்தனை முதுகெலும்பு வேண்டும் என்று கணக்கிட எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து ஓடுவதுதான் எதிர்ப்பு என்று நினைத்தது, கதவு எப்போதும் திறந்தே இருந்த ஒருவனின் வாசிப்பு.

*

பதினோரு பேரில் நன்றாக எழுதியவள் ஒரு பெண். பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு எப்போதும் அடுக்களை வாசல்தான் கிடைக்கும், அல்லது அவளே அதை எடுத்துக்கொள்வாள். முன்வாசலுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தாள். யாருடைய செருப்பு தேயும், யாருடையது அடிக்கும், யார் செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பிப்பார்கள் என்று. டீச்சர் அதை வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிளஸ் ஒன் பாதியில் அவள் வகுப்புக்கு வருவது நின்றது. பிறகு பள்ளிக்கும் வரவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றார்கள். ஒரு சனிக்கிழமை டீச்சர் வகுப்பை முடித்துவிட்டு, “லேய், எனக்கு கூட கொஞ்சம் வா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் டீச்சர் உள்ளே போனார், நான் ரோட்டிலேயே நின்றேன். செயின் கழன்றிருந்தது. அதை மாட்டினேன், கையில் கிரீஸ் ஆயிற்று, ரப்பர் இலையைப் பறித்துத் துடைத்தேன். அரைமணி நேரம் இருக்கும். டீச்சர் வெளியே வந்தார், “போவோம்” என்றார். வழியில் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் அதன்பிறகு வரவில்லை.

அந்த வீட்டுக்குள் என்ன பேசினார்கள், அவள் அங்கே நின்றாளா, டீச்சர் கெஞ்சினாரா, சண்டை போட்டாரா, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சைக்கிள் செயின்தான். நாலு வருஷம் கழித்து, அதே டீச்சரிடம், பள்ளியை நிறுத்தியதும் பேசாமல் வீட்டில் இருந்துவிட்ட ஒரு பெண்ணை முதுகெலும்பு இல்லாதவள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் பென்சிலை எடுத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் இப்போதும் முகம் சூடாகிறது. கேள்விக்குப் பதில் அவருக்கே தெரிந்திருந்தது. நான் பார்த்தது ரோட்டிலிருந்து.

விமர்சனத்தில் ‘பார்வைக் கோணம்’ என்ற சொல்லை ஏராளமாகப் புழங்குகிறோம். நாவலாசிரியர் எந்தக் கோணத்திலிருந்து சொல்கிறார் என்று பிரித்துப் பிரித்து எழுதுகிறோம். வாசிக்கிறவன் எங்கே நின்றுகொண்டிருக்கிறான் என்று எழுதுவது குறைவு. அலுவலகத்தில் பிறர் எழுதிய நிரலைப் பரிசீலிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கேகூட, எந்தச் சூழலில் ஓட்டிப் பார்த்தாய் என்று கேட்காமல் குறை சொல்ல முடியாது. ஒரு நாவலை மட்டும், எங்கிருந்தும் பார்க்காத ஒருவன்போல உட்கார்ந்து தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஹெப்சிபா ‘புத்தம் வீடு’ தவிர ‘டாக்டர் செல்லப்பா’, ‘அநாதை’, ‘மா-னீ’ என்று மூன்று நாவல்கள் எழுதினார். ‘மா-னீ’ பர்மாவுக்குத் திரும்புகிறது. பிறகு ஆங்கிலத்தில் பல தொகுதிகளாக மீண்டும் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதினார். 2012இல் மறைந்தார். அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் லிஸியின் அருகே அவரால் திரும்ப வர முடியவில்லை என்பது என் எண்ணம்.

நாவலின் கடைசிப் பக்கத்தை டீச்சர் வாசித்த நாள் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் அன்று இருந்தாள், அடுக்களை வாசலில் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பையன்கள் கை தட்டினோம். டீச்சர் புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“கெட்டு நடந்தாச்சு, செரி” என்றார். “அவ படிப்பு?”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது. டீச்சர் எழுந்து சாயா போட உள்ளே போனார். வாசலில் நின்றவள் வழி விடுவதற்காகச் சற்று ஒதுங்கினாள், பிறகு அவர் பின்னாலேயே அடுக்களைக்குள் போனாள். அங்கே இருவரும் என்னவோ பேசிக்கொண்டார்கள். பெஞ்சிலிருந்து எனக்குக் கேட்டது டம்ளர் சத்தம் மட்டும்.